இதுதான் சவுண்டு!

குகட்பள்ளி ஃப்ளாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே ப்ரியம்வதாவின் விமர்சனம்தான். புதுப் பேய்ப்பட டிரெய்லரைக் கிழித்துத் தொங்கவிட்டவள், அடுத்து ஓடிய ஆவி வேட்டை நிகழ்ச்சிக்குத் தாவினாள்.

"பாழடைஞ்ச பங்களாவாம்! பின்னாடி லாரி ஹார்ன் கேட்குது. காலடிச் சத்தமாம்! ரப்பர் செருப்பைத் தரையில தேய்க்கிறான். பேயாம், பேய்! போதும், எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம் இந்த ஷோ!"

கணவன் சந்தானம் சிரித்தபடியே காபி போட எழுந்து போனான்.

சற்று நேரம் நிசப்தம். பிறகு மெல்ல ஒரு காலடி.

"ஏங்க, இப்பத்தான் உருப்படியா பண்ணியிருக்கான்! ஈரக்கால். வலது காலை இழுத்து இழுத்து வருது. நம்ம ஹாலுக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கு. இதுல்ல சவுண்டு!"

"எந்த சவுண்டு?" சமையலறையிலிருந்து சந்தானம் கேட்டான். "நீ நக்கோன்னு சொன்னதுமே டிவியை அணைச்சுட்டுத்தானே வந்தேன்?"

பிறவியிலேயே பார்வையில்லாத ப்ரியம்வதா, சோபாவோரம் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கைத்தடியைப் பதறித் துழாவினாள். அகப்படவில்லை.

ஈரமான விரல்கள் அதை எடுத்து அவள் கையில் வைத்தன.