அதிகக் குப்பைக்கு முதல் பரிசு

'தூய்மையான பள்ளி' விருதை இந்த வருடமாவது வாங்கியே தீருவேன் என்று தலைமையாசிரியை ஒற்றைக் காலில் நின்றார். விருதுக் குழுவோ சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதனால், அதிகக் குப்பை பொறுக்கும் வகுப்புக்குக் கால்பந்து பரிசு என்று அறிவித்தார்.

முதல் நாள் மூன்று மூட்டை சேர்ந்தது. வெள்ளிக்கிழமை வாசலருகே இருபத்தைந்து மூட்டைகள் மலையாகக் குவிந்துவிட்டன.

"நம்ம ஸ்கூல்லயா இவ்வளவு குப்பை கிடந்துச்சு?" என்றார் தலைமையாசிரியை வியப்பு தாங்காமல்.

"தேடினா கிடைக்கும் டீச்சர்," என்றாள் ஐந்தாம் வகுப்பு லீடர் அடக்கமாக.

திங்கட்கிழமை, பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் கேக் பெட்டியோடு வந்தார். வாயெல்லாம் பல்.

"விருது எங்களுக்குத்தான் மேடம். எல்லாம் உங்க பிள்ளைங்க புண்ணியம்."

"எங்க பிள்ளைங்களா?"

"ஆமா. தினமும் காலையில சுவரேறிக் குதிச்சு வந்து எங்க ஸ்கூலைத் துடைச்சு வெச்சுட்டுப் போறாங்க. ஒரு காகிதம் விழுந்தாக்கூட ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க."

"எங்க ஸ்கூலுக்குக் குழு வரவே இல்லையே?"

வந்தவர் கேக் பெட்டியை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வந்தாங்களாம் மேடம். வாசல்ல குப்பை மலையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிட்டாங்களாம்."