மைனஸ் ஐந்தில் ஒரு கட்டி

'உடைஞ்சு தொலையேன்! ஒரே ஒரு தடவை உடைஞ்சு காட்டிடு. நான் நிம்மதியாத் தூங்கணும்.'

மனசுக்குள் மன்றாடியபடி அவள் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் மூத்தவள். மூன்று நாளாக இதே நாற்காலி.

குளிர்ப்பெட்டிக்குள், குடுவையில், முட்டையளவு மீத்தேன் ஹைட்ரேட். பார்த்தால் வெறும் பனிக்கட்டி; உள்ளே அடைபட்டிருப்பது வாயு. அழுத்தத்தை எடுத்துவிட்டால் கட்டி உடையும், வாயு வெளியேறும், மீட்டர் ஏறும். மைனஸ் ஐம்பது டிகிரியிலேயே சில மணி நேரத்தில் காலியாகிவிடும். குளிர் குறைந்த மைனஸ் ஐந்தில் இன்னும் சீக்கிரம் போக வேண்டாமா? நாள்கணக்கில் தாங்குகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தாள் 'புதுசு'. வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவள் எழுதியது சரியா என்று பார்க்கத்தான் இந்த மூன்று நாள் காவல்.

"அக்கா, டீ." புதுசு கோப்பையை நீட்டினாள். "ஏறிச்சா?"

"ஏறினா அழுவியா?"

"அழுதுட்டு, மறுபடி முதல்லேருந்து செஞ்சு பார்ப்பேன்க்கா." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எங்கிருந்து வருகிறது இந்தத் துணிச்சல்? அந்த வயதில் தனக்கு ஏன் வரவில்லை?

மாலையில் இயக்குநர் வந்தார். "என்னம்மா, காவல் காத்தது போதுமா? பொண்ணோட குட்டு உடைஞ்சுதா?"

"மீட்டர் அசையவே இல்லை, சார்."

"அப்ப மீட்டர் ரிப்பேர். குளிர் குறைஞ்சா மெதுவா உடையுமாம்! யாரு காதுல பூ சுத்தறா?" ஒரு தாளை மேஜையில் வைத்தார். "'கருவிக் கோளாறு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவளை அனுப்பிடலாம். மாநாட்டுல அவளுக்குப் பதிலா நீங்க பேசுங்க."

மாநாடு. இத்தனை வருட வேலையில் ஒருமுறைகூட ஏறாத மேடை. விரல்கள் தாமாகப் பேனாவைத் திறந்தன.

பேனாவை மூடினாள்.

"வேண்டாம், சார்."

"அவ மேல அவ்வளவு பாசமா?"

"பாசமா? அவளைப் பார்த்தாலே வயிறு எரியுது." தாளை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆனா, இதே மாதிரித் தாள்ல நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டாச்சு. பதினாறு வருஷத்துக்கு முன்னாடி, இதே மைனஸ் ஐந்து, இதே அசையாத மீட்டர். அன்னிக்கும் நீங்கதான் தாளை நீட்டினீங்க, சார். கட்டி மட்டும் என்னோடது."