கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்

போர்பன் விஸ்கியை முகர்ந்தே தரம் சொல்வது அவர் வேலை. கம்பெனி இப்போது நிறமில்லாத சரக்குகளிலும் இறங்கியதால், நாளை அவர் மூக்குக்குப் பரீட்சை. பழகிப் பார்க்க மூன்று பாட்டில்கள் வீட்டுக்கு வந்திருந்தன.

மனைவி அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுத்தாள்.

"வெள்ளை ரம். கரும்பு வாசனை தூக்குது!"

"இது?"

"ஜின். பைன் மரத்து வாசம்."

"கடைசி?"

"டெக்கீலா. லேசா மிளகு."

"நாளைக்கும் சொல்லிடுவீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்."

அவள் கண் கலங்கியது. "மூணுலயும் வெறும் குழாய்த் தண்ணிதாங்க ஊத்தி வெச்சிருந்தேன். நீங்க லேபிளைப் பாத்துச் சொல்றீங்க. காலையில பால் தீஞ்சு வீடே நாறுச்சு, பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"போன மாசம் வந்த காய்ச்சலோட வாசனையே போச்சும்மா. பொறந்த பேத்தியை மோந்து பாத்தப்பகூட ஒண்ணுமே தெரியல."