வாசலுக்கு வந்த கோஷம்

ஊர்வலம் நகராட்சி அலுவலகத்துக்குப் போகாமல் பாதி வழியில் இடப்பக்கம் திரும்பியது.

யார் திருப்பிவிட்டார்கள் என்று ரதோய்க்காவுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி அவள் கையில்தான் இருந்தது. கூட்டம்தான் கையில் இல்லை.

"மண்ணை விற்றவன் மனிதனே இல்லை!"

மூன்று மாதமாகச் செர்பியா முழுக்க ஒலிக்கும் கோஷம். சுரங்கக் கம்பெனிக்கு எதிராக டிராக்டர் மேல் ஏறி அதை முதலில் முழங்கியவள் அவள்தான். பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருகிறவள், தாளம் தெரிந்தவள். அன்று முந்நூறு பேர் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டார்கள். நிலம் அளக்க வந்த கம்பெனி ஆட்கள் அந்தச் சத்தத்துக்கே இரண்டு முறை திரும்பிப் போனார்கள்.

இப்போது அது சுவரில், சட்டையில், பிள்ளைகளின் விளையாட்டில்.

"எங்கடா போறீங்க?" என்று முரசு அடித்தவனைப் பிடித்து உலுக்கினாள்.

"மிலுத்தின் வீட்டுக்கு, டீச்சர். கெழவன் நேத்து கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டானாம்!"

அவனை விட்டுவிட்டு அவள் முன்வரிசைக்கு ஓடினாள்.

சுற்றியிருந்த தோட்டமெல்லாம் கம்பெனிக்குக் கைமாறி, வண்டிப்பாதையை வேலி அடைத்து, கிணறு சேறாகிப்போன பிறகும் தனியாக நின்றவர் மிலுத்தின். அவருக்கு முன்னால் விற்றவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். கைக்கு எட்டியவர் இவர் ஒருவர்தான்.

"ஆறு எங்கள் ஆறு!" என்று வேறொன்றைக் கொடுத்துப் பார்த்தாள்.

நாலு பேர் வாங்கினார்கள், விட்டுவிட்டார்கள். பழையது மறுபடி எழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்ட பிறகும் எழுந்தது.

மிலுத்தின் வீட்டு வாசலை எட்டியதும் ஒரு கல் பறந்தது. ஜன்னல் கண்ணாடி படியெல்லாம் கொட்டியது.

கதவைத் திறந்துகொண்டு மிலுத்தின் வந்தார், வீட்டுச் செருப்போடு. கூட்டத்தில் ரதோய்க்காவைத் தவிர வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை.

"நான் எழுதிக் குடுத்ததுல ஒரு சொல்லு கொறையுதே, புள்ள."

சத்தத்தில் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

ரொட்டி சுற்றி வந்த தாளில், தன் சமையலறை மேசையில் வைத்து அவர் எழுதித் தந்தது: மண்ணை விற்க வைத்தவன் மனிதனே இல்லை.

டிராக்டர் மேல் நின்றபோது அது தாளத்துக்கு இடறியது. வெட்டினாள். வெட்டியதும்தான் பறந்தது.

ரதோய்க்கா ஒலிபெருக்கியைத் தூக்கி முழு வரியையும் கத்தினாள். முன்வரிசை சொல்லிப் பார்த்துத் தடுக்கிச் சிரித்தது. டீச்சருக்குத் தொண்டை போச்சு என்றது ஒரு குரல். முரசு பழைய அடிக்கே திரும்பியது.

அவள் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். கண்ணாடித் துண்டுகள் நொறுங்கப் படியேறி, அவர் பக்கத்தில் போய் நின்று திரும்பினாள்.

கோஷம் முதல் முறையாக அவள் முகத்துக்கு நேரே வந்தது.

தாளம் சுத்தமாக இருந்தது.