நீர்க்காக முறை

படம் வந்துவிட்டது.

குளத்தின் நடுவே, படகில், வெள்ளத்தில் மாட்டியவனாக நடிக்கும் இசக்கிராஜா கை ஆட்டுகிறான். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். பல்கூடத் தெரிகிறது.

கரையில் பந்தலுக்கடியில் எல்லோரும் கை தட்டினார்கள்.

அவள் தட்டவில்லை. லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவன் தலைக்கு மேலே நிற்கும் ட்ரோன் எடுத்த படம் அது. அங்கிருந்து கரைக்கு நேரே அனுப்ப எட்டாது. பக்கத்து ட்ரோனிடம் கொடுத்து, அது அடுத்ததிடம் கொடுத்து, கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருந்தது. எது எதனிடம் கொடுப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். அந்த முறையைக் கண்டுபிடித்ததற்குத்தான் அவளுக்கு முனைவர் பட்டம் தரப்போகிறார்கள்.

வெறும் முறைக்கு யார் பட்டம் தருகிறார்கள்? அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று சொல்லிப் பெயர் வைக்க ஒரு பிராணி வேண்டும்.

எறும்பை முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதுவாவது பரவாயில்லை, எறும்புக்கு நிஜமாகவே வழி தெரியும். பிறகு தேனீ. வௌவால். ஓநாய். கரப்பான் பூச்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. திமிங்கலத்தையும் இழுத்து வந்தார்கள். அது ஆகாயத்தில் என்ன வழி காட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிராணிக்கு ஒரு கட்டுரை, கட்டுரைக்கு ஒரு பதவி உயர்வு. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே சரக்கு.

அவளுடைய கைடு, பேராசிரியர் பிரம்மநாயகத்துக்கு மிஞ்சியது நீர்க்காகம்.

மைக்கைப் பிடித்துக்கொண்டு இப்போது அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். நீர்க்காகம் முங்குகிறது, அது தேடல். மீனோடு எழுகிறது, அது தேர்வு. கரையோர மரத்தில் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறதே, அது சுற்றுப்புறத்தை அளவிடும் நிலை.

ஈர இறக்கையைக் காயப்போடுகிறது சார்.

இதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காயப்போடுவதற்கு ஒரு சமன்பாடு எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அவரை நினைத்தால் இளக்காரமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிட.

போன வாரம் இதே குளத்தில் ஒத்திகை. தூறிக்கொண்டிருந்தது. நீர்க்காக முறையைப் போட்டுத்தான் ட்ரோன்களைப் பறக்கவிட்டார்கள்.

இசக்கிராஜா கை ஆட்டினான். மேலே நின்ற ட்ரோன் அவனைப் பார்த்தது. படமும் எடுத்தது. பிறகு யாரிடம் கொடுப்பது என்று மற்ற ட்ரோன்களை விசாரிக்கத் தொடங்கியது. பதில் வருவதற்குள் காற்று அவற்றை இடம் மாற்றிவிட்டது. மறுபடியும் விசாரணை. தாலுகா ஆபீஸ் தோற்றது. பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக இறங்கும்வரை கரைக்கு ஒரு படம் வரவில்லை.

அவன் நனைந்துகொண்டே கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

கரையேறியதும் தலையைத் துவட்டிக்கொண்டே அவளிடம் கேட்டான். “படகு கவுந்திருந்தா என்னக்கா செஞ்சிருப்பீய?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியருக்கு இறங்கியிருக்க வேண்டும். இன்று காலையில் அவள் அருகே குனிந்து, “எது ஓடுதோ அதப் போட்டுரும்மா. ஸ்கிரீன்ல நீர்க்காகம்னு பேர் தெரிஞ்சாப் போதும்” என்றார்.

ஓடுவது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு மத்தியானத்தில் அவள் எழுதிய வெறும் முறை. கரைக்கு யார் பக்கமோ, அவரிடம் கொடு. இந்தக் குளத்துக்கு அது போதும். அதில் முங்குவதும் இல்லை, எழுவதும் இல்லை. ஆய்வேட்டில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தாள். அவர் குறுக்கே கோடு போட்டார். “மிருகத்தோட மிருகத்தத்தாம்மா ஒப்பிடணும். இத எதுக்கு நடுவுல கொண்டாற?”

அதைத்தான் இன்று போட்டிருந்தாள். மேலே நீர்க்காகத்தின் பெயர், உள்ளே அது.

நிதிக்குழுத் தலைவி அகஸ்டா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கு மெய்யாகவே சந்தோஷம்.

“இந்த மழைக்கே ஆத்தோர ஊர்களுக்குக் குடுத்துருவோம் டாக்டர். வெள்ளத்துல மாட்டுனவங்களத் தேட இதவிட என்ன வேணும்?”

பேராசிரியர் கைகூப்பினார்.

எதைக் கொடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் இருப்பது நீர்க்காகம். அவர் பெயரில் அச்சாகியிருப்பது நீர்க்காகம். கூரைமேல் நின்று கை ஆட்டுகிறவர்களுக்கு மேலே போய் நிற்கப்போவதும் அதுதான். அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்பார். அவருக்கு எல்லாமே அப்புறம்தான்.

அடுத்த மாதம் அவளுடைய ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

சால்வை வந்தது. போட்டோ எடுத்தார்கள். அகஸ்டா காரை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

அவள் எழுந்தாள்.

“மேடம், இன்னொரு தடவ பறக்க விடட்டுமா?”

“எதுக்கும்மா? மேடத்துக்கு நேரமாச்சு” என்று பேராசிரியர் சிரித்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“இந்தத் தடவ நீர்க்காகத்தப் போட்டு.”

அகஸ்டா நின்றார்.

திரும்பி வந்தார். எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தார்.