மச்சான் கட்டிய முடிச்சு

"மச்சான் கயிறு கட்டுனா நான் கண்ண மூடிட்டு இறங்குவேன் சார்" என்று சூப்பர்வைசரிடம் மார்தட்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாவது மாடிக்கு மேலே, காலை வெயில் முதுகைச் சுட, கண்ணாடி துடைப்பவன் அதே முடிச்சை மூன்றாம் முறையாக இழுத்துப் பார்க்கிறான். பின்னால் வாளி வைக்கும் சத்தம். திரும்பினால் அக்கா வீட்டுக்காரர் நிற்கிறார். அவன் காது மடல் எரிகிறது. கை மட்டும் கயிற்றை விடமாட்டேன் என்கிறது. "சும்மா... தூசி இருந்துச்சு மச்சான்." அவர் முடிச்சை முழுசாக அவிழ்த்து, கயிற்று நுனியை அவனிடம் நீட்டுகிறார். "நீயே கட்டு மாப்ள. இன்னிக்கு நான் இறங்குறேன்." அவன் கட்டி முடிக்கிறான். மச்சான் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, முடிச்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் விளிம்பைத் தாண்டுகிறார்.