இலை கொட்டும் காலத்தில் லண்டன்

“பிப்ரவரியில லண்டன் ரொம்பக் குளிரும்லா. ஜூன்ல போனா என்ன?” கைப்பேசியில் டிக்கெட் தேடியபடி கேட்டாள் நளினி.

“நம்ம ரப்பர் தோட்டத்துப் பால்மரம் எலை கொட்டுறது அப்பதானே? பால் எடுக்க மரம் வெட்டப் போக வேண்டியதில்ல,” என்றார் அழகேசன். தன் ஊரான புக்கிட் செலம்பாவிலிருந்து பினாங்கைத் தாண்டிப் போகாதவர், இப்போதே தோள்துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“சரி, ஒரே ரூம், பெரிய கட்டில். போட்டுடவா?”

அழகேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு நளினி? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்லா. அம்மா போனதிலிருந்து எனக்காகவே ஓடினது போதும், அப்பா. தையில உங்களுக்கும் தேவகி சித்திக்கும் கல்யாணம், மாசியில ஹனிமூன். சித்தி சுங்கைப் பட்டாணிக்குப் போய்க் குளிர்சட்டையே வாங்கிட்டாங்க!”